வயர் வேண்டாம், வாசிக்க மட்டும் வேணும்: மாடுலர் சாஃப்ட்வேருக்கு மலிவான பிளேயர் இருக்கா?

#1 கரைதாண்டி_கீபோர்டு (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் வர்றவன், இன்னைக்குத்தான் முதல் பதிவு.

வாரநாள்ல பாயான் லெப்பாஸ்ல ஷிஃப்ட் வேலை. சனி ஞாயிறு எங்க ஏரியா பஜனைக் குழுவுக்குக் கீபோர்டு. எங்க மாமா பையன் ஜொகூர்ல இருக்கான், சவுண்ட் பைத்தியம். மாடுலர் சாஃப்ட்வேர் ஒண்ணுல, அதாவது திரையில சின்னச் சின்னப் பெட்டியை வயரால இணைச்சு நாமே வாத்தியம் கட்டுற சாஃப்ட்வேர்ல, ரெண்டு சாமான் கட்டி அனுப்பினான். ஒண்ணு தம்புரா, நாலு தந்திக்கும் தனித்தனிக் குமிழ். இன்னொண்ணு உறுமி. கீபோர்டு ஓரத்துல இருக்கிற மாட் வீல்ங்கிற சக்கரத்தைத் தள்ளினா 'ஊம்ம்ம்'னு இழுத்துக்கிட்டே மேல போகுது. கேட்டவுடனே எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

அந்த சாஃப்ட்வேரோட முழுப் பதிப்பு என்கிட்ட இல்ல. கட்டினதைத் திறந்து வாசிக்க மட்டும் விடுற இலவச பிளேயரை இறக்கி அதுல திறந்தேன். வீட்டுல நல்லாத்தான் ஓடுச்சு. போன மாசம் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். சுருதிக்கு அந்தத் தம்புராவை ஓட விட்டுட்டு உட்கார்ந்தேன். மூணாவது பாட்டு, பாடுற அக்கா மேல் ஸ்தாயில நிக்கிறாங்க, சுருதி அப்படியே செத்துப் போச்சு. ஒரு பொட்டு சத்தம் இல்ல. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. ஹால்ல குழந்தை ஒண்ணு மட்டும் கை தட்டுச்சு.

கம்பெனி பேரை வேணும்னேதான் எழுதல. தப்பு அவங்க மேல இல்ல. அனுமதி வாங்காத கோப்புன்னா கொஞ்ச நேரம்தான் ஓடும்னு முதல் திரையிலயே போட்டிருந்திருக்கு. நான் 'ஓகே'யை அமுக்கிட்டுப் போயிட்டேன்.

இப்ப என் கேள்வி. எனக்குப் புரோகிராமிங் தெரியாது, கத்துக்கவும் நேரமில்ல. வயர் இழுக்கிற பக்கத்தை நான் பார்க்கவே வேண்டாம். அடுத்தவங்க கட்டினதைத் திறந்து, குமிழைத் திருப்பி, வாசிக்கணும், அவ்வளவுதான். அதுக்குன்னு குறைஞ்ச விலையில பதிப்பு ஏதாச்சும் இருக்கா? 100, 150 வெள்ளிக்குள்ளன்னா (ரிங்கிட்) இன்னைக்கே வாங்கிடுவேன்.

#2 லோயாட்_கழுகு (கே.எல்.)

தம்பி, சுத்தி வளைக்காம முழுசா வாங்கிடு. மாடுலர் சாஃப்ட்வேர்ல ரியாக்டர் 6 பட்டியல் விலை 199 அமெரிக்க டாலர், வருஷத்துக்கு ஓரிரு தடவை பாதி விலைக்கு வரும். விசிவி ராக் புரோ 149 டாலர், 600 வெள்ளியை ஒட்டி. மேக்ஸ் நிரந்தர லைசென்ஸ் 399, அது உனக்குத் தேவையில்லாத சங்கதி. கான்டாக்ட், அதாவது பதிவு பண்ணின சத்தத்தை வாசிக்கிற சாஃப்ட்வேர், முழுசு 299.

எல்லாரும் மறக்கிற ஒண்ணு: வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2020 ஜனவரியில 6 சதவீத வரி வந்துச்சு, 2024 மார்ச்சில இருந்து 8 ஆயிடுச்சு. திரையில பார்த்த விலை வேற, கார்டுல போன விலை வேறன்னு என்கிட்ட வந்து சண்டை போடாத.

#3 கரைதாண்டி_கீபோர்டு

அண்ணே, 600 வெள்ளிக்கு நான் கீபோர்டு ஸ்டாண்டு, பெடல், பேக் எல்லாம் வாங்கிடுவேன். அதுல முக்கால்வாசி நான் தொடவே போறதில்லையே, எதுக்கு?

#4 வயர்மேன்_செந்தூல்

கழுகு சொன்ன விலையெல்லாம் சரி. ஆனா நீ கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நான் பகலில் நிஜ வயர்மேன், டிபி பாக்ஸ் மாட்டுறவன். ராத்திரி திரையில் வயர் இழுக்கிறேன், வீட்டுக்காரிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நீ கேட்கும் பொருள் ஒரு காலத்தில் கடையிலேயே இருந்தது. 'ரியாக்டர் செஷன்' என்று முழு ரியாக்டரை விடக் குறைந்த விலையில் ஒன்று விற்றார்கள். கட்டியதைத் திறக்கலாம், வாசிக்கலாம், உள்ளே கை வைக்க முடியாது. உன்னை மாதிரி ஆளுக்காகவே செய்தது. அது போய்விட்டது, இப்போது இருப்பது இலவச ரியாக்டர் பிளேயர். இலவசம் என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு என்னவோ பழைய ஏற்பாடுதான் நேர்மையாகப் படுகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

பிளேயர் இலவசம் என்றால் காசு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கான்டாக்ட் பிளேயரை எடுத்துக்கொள். அதில் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஓடும் லைப்ரரி எல்லாம், அதைச் செய்தவர் கான்டாக்ட் கம்பெனிக்குக் கட்டணம் கட்டி முத்திரை வாங்கியது. முத்திரை இல்லாததைத் திறந்தால் 15 நிமிடம் டெமோ, பிறகு மௌனம். ரியாக்டர் பிளேயரிலும் இதே கதைதான். கம்பெனி விற்கும் இன்ஸ்ட்ருமென்ட் முழுசாக ஓடும், யூசர் லைப்ரரியில் பொதுமக்கள் கட்டிப் போட்டது 30 நிமிடம் ஓடும். ஜெர்மனியில் பெரிய கம்பெனி செய்த வயலின் உன் லேப்டாப்பில் ராத்திரி முழுக்கப் பாடும். உன் மாமா பையன் சும்மா கொடுத்த உறுமி பாடாது. உறுமிக்கு எவன் முத்திரைக் காசு கட்டப் போகிறான்? செஷன் மாதிரி ஒன்று இருந்தால் வாசிக்கிறவன் ஒரு தடவை கொஞ்சம் காசு கொடுத்துவிட்டு எவன் கட்டியதையும் திறப்பான். அந்தக் கதவைத்தான் மூடிவிட்டார்கள்.

அதனால் 'எந்தப் பிளேயர் வாங்கலாம்' என்று கேட்காதே. கட்டுகிறவனிடம் போய் 'எதில் கட்டப் போகிறாய்' என்று கேள். அங்கேதான் உன் செலவு முடிவாகிறது.

சில சாஃப்ட்வேரில், கட்டியவன் சமைத்து டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம். சின்த்எடிட், கேபேஜ் இதெல்லாம் அந்த ரகம். விஎஸ்டியாக, அதாவது வேறு மியூசிக் சாஃப்ட்வேருக்குள் மாட்டுகிற பிளக்இன்னாக, வெளியே வந்துவிடும், உனக்கு ஒரு காசு செலவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. மேக்ஸ்காரர்களும் 2022இல் ஆர்என்பிஓ கொண்டு வந்தார்கள், அதில் கட்டினால் பிளக்இன்னாக எடுக்கலாம். ரியாக்டரில் இந்த வழி கிடையாது.

மேக்ஸில் இன்னொரு வசதி யாரும் சொல்வதில்லை. லைசென்ஸ் இல்லாமலே பேட்சை, அதாவது கட்டிய கோப்பை, திறக்கலாம், ஓட்டலாம், மாற்றிக்கூடப் பார்க்கலாம், சேமிக்க மட்டும் முடியாது. கடிகாரமும் இல்லை. உனக்கு வேண்டியது ஏறக்குறைய இதுவேதான். ஆனால் வேலைக்காரச் சாமான், பழைய லேப்டாப் திணறும்.

கடைசி ரகம், கட்டவும் இலவசம், வாசிக்கவும் இலவசம். பியூர் டேட்டா. மேக்ஸை எண்பதுகளில் முதலில் எழுதிய அதே மில்லர் பக்கெட், தொண்ணூறுகளில் திறந்த மூலமாக, யாரும் உள்ளே பார்த்து மாற்றலாம் என்று எழுதியது. முகம் கொஞ்சம் கோரம், பழைய ரேடியோவின் பின்பக்கம் மாதிரி. ஆனால் இப்போது பிளக்டேட்டா என்று அதற்கு நல்ல சட்டை தைத்துவிட்டார்கள். அதுவும் இலவசம், விஎஸ்டியாகவும் ஓடும். அதில் 'பிளக்இன் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அழுத்தினால் வயர் எல்லாம் மறைந்து குமிழ் மட்டும் நிற்கும். உனக்கு வேண்டிய பிளேயர் அதுதான்.

#5 ஐந்தரைக்_கட்டை (தாசேக் குளுகோர்)

தம்பி, கிரகப்பிரவேசத்துல மேல் ஸ்தாயில நின்ன அந்த அக்கா நானாதான் இருந்திருக்கணும்னு மனசு சொல்லுது. நான் இல்லன்னாலும் எனக்கும் அது நடந்திருக்கு. சுருதி நின்ன நொடியில நம்ம குரல் நமக்கே வேற யாரோ மாதிரி கேட்கும்.

வயர்மேன் சார் நல்லா சொன்னார். ஆனா 'உள்ளே கை வைக்க முடியாது, உன்னை மாதிரி ஆளுக்காகவே செய்தது'ன்னு சொன்னது எங்களைக் கொஞ்சம் கீழ பார்க்கிற மாதிரி இருக்கு. நாதஸ்வரக்காரர் சீவாளியைத் தானே செய்யறதில்ல, வாங்கித்தான் வாசிக்கிறார். அதனால அவர் வித்வான் இல்லன்னு ஆயிடுமா? தமிழ்ப்பள்ளியில முப்பது பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றேன். எனக்கு வயர் கத்துக்க எங்க நேரம்?

#6 வயர்மேன்_செந்தூல்

டீச்சர், கீழே பார்க்கவில்லை, மன்னிக்கணும். ஆனால் சீவாளி உதாரணம் என் பக்கம்தான் பேசும். வாங்கின சீவாளியை அப்படியே யாராவது வைத்து வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எச்சிலில் ஊற வைத்து, விரலால் அமுக்கி, கொஞ்சம் சீவி, தன் வாய்க்குப் பழக்கிக்கொண்டுதான் வாசிப்பார்கள். கழுத்தில் நாலைந்து தொங்கும், ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது. எனக்கு வேண்டியது அந்த அளவு சுதந்திரம்தான். முழுக்கப் பூட்டின பிளேயர் என்றால் ஒட்டிவிட்ட சீவாளி.

#7 நெறியாளர்

இந்த இழையில் உடைக்கப்பட்ட மென்பொருளுக்கு இணைப்பு கொடுத்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. 'எல்லாரும்தான் பயன்படுத்துகிறார்கள்' என்று தனிமடலில் வாதிட வேண்டாம். இத்தனை இலவச மென்பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இழையில் அதற்குத் தேவையும் இல்லை. தொடருங்கள்.

#8 உறுமிக்காரன்_பிறை

படிச்சுக்கிட்டே வந்தேன், பொறுக்க முடியல. உறுமியைக் கம்ப்யூட்டர்ல எதுக்குடா தேடறீங்க? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்து நில்லுங்க, காது அடைக்கிற வரைக்கும் கேட்கலாம்.

சரி, கோபம் போகட்டும். உறுமி எப்படிச் சத்தம் போடுதுன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா? வலது பக்கம் மெல்லிசு குச்சியால அடி. அதை எவன் வேணும்னாலும் பதிவு பண்ணிக்கலாம், அடி அடிதான். இடது பக்கம் அப்படி இல்ல. வளைஞ்ச குச்சியைத் தோல் மேல அமுக்கித் தேய்க்கணும். லேசா அமுக்கினா கீச்சுன்னு வழுக்கும். ரொம்ப அமுக்கினா ஊமையாயிடும். நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்க குச்சி தோலைப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அந்தப் பிடி விடுதான் உறுமல். தேய்க்கத் தேய்க்க அமுக்கம் மாறணும், அப்பத்தான் 'ஊம்'ங்கிறது 'ஊவ்வ்ம்'னு ஏறும். மழை பெஞ்சா தோல் தளர்ந்து ஒரு மாதிரி, வெயில்ல வச்சா இறுகி வேற மாதிரி. முதல் ரெண்டு வருஷம் எங்க வாத்தியார் என்னைத் தேய்க்கவே விடல, வலது பக்கம் மட்டும்தான்.

பதிவு பண்ணி வச்ச உறுமியையும் ஒரு கல்யாண மண்டபத்துல கேட்டேன். ஒரே 'ஊம்', அச்சு மாறாம நாப்பது தடவை. பக்கத்து வீட்டு நாய் குலைக்கிற மாதிரி.

#9 வயர்மேன்_செந்தூல்

அண்ணே, இதைவிட நல்ல வரைபடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பிடிக்கும், விடும் என்று நீங்கள் சொன்னது வயலின் வில்லிலும் அதேதான் நடக்கிறது.

மாடுலர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. வலது பக்க அடிக்கு சாம்ப்ளர், அதாவது பதிவு செய்த சத்தத்தை வாசிக்கும் சாஃப்ட்வேர், போதும். டீசென்ட் சாம்ப்ளர், சிஃபோர்சாண்டோ ரெண்டும் இலவச பிளேயர், முத்திரையும் இல்லை கடிகாரமும் இல்லை. கட்டுகிறவன் கம்பெனிக்கு எதுவும் கட்ட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு அடியைப் பதிவு செய்து மாற்றி மாற்றி ஒலிக்க விட்டால் காது ஏமாறும். தவிலுக்கும் அப்படியே, கூடு போட்ட விரலடி தனி, கழியடி தனி என்று பதிவு செய்யலாம். இடது பக்கத்துக்கு மட்டும் பதிவு உதவாது. அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கணும்.

கரைதாண்டி, உன் மாமா பையன் கட்டியதை நான் பார்க்கவில்லை. இந்த வாரம் வேலை குறைவு, பியூர் டேட்டாவில் நானே ஒன்று கட்டிப் போடுகிறேன். ரம்பப் பல் அலை ஒன்று, கொஞ்சம் இரைச்சல், ரெண்டையும் ஒரு குறுகிய ஃபில்டருக்குள் விட்டு, மாட் வீல் ஏறினால் ஃபில்டர் மேலே போகணும், இரைச்சல் குறையணும். சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீல் இழுப்புக்கு. முகத்தில் நாலே குமிழ்: அழுத்தம், இழுப்பு, தோல், கட்டை. 'தோல்' என்பது அண்ணன் சொன்ன மழை வெயில்.

#10 லோயாட்_கழுகு

சாஃப்ட்வேர் எல்லாம் சரி, மெஷின் என்னன்னு யாரும் கேட்கல. விண்டோஸ்னா ஆசியோ டிரைவர் (சத்தம் தாமதமில்லாம வர உதவுற மென்பொருள்) இல்லாம நேரடி வாசிப்புக்குப் போகாத. பஃபர், அதாவது மெஷின் ஒரு தடவைக்குச் சேர்த்து வச்சு அனுப்புற சாம்பிள் எண்ணிக்கை, 512 வச்சா வினாடிக்கு 48,000 சாம்பிள்ல 10 மில்லிசெகண்டுக்கு மேல தாமதம், அது பஃபர் மட்டும், மத்ததெல்லாம் தனி. 128 வச்சா 3 மில்லிசெகண்டுக்குள்ள. ஆனா 128ல பழைய மெஷின் படபடன்னு வெடிக்கும். 256ல நிறுத்திப் பாரு. வைஃபையை அணைச்சிடு. பேட்டரியில ஓட்டாத, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன்னு பிராசஸர் தூங்கிடும்.

ஹேண்ட்போன்ல ஓட்டணும்னா சன்வாக்ஸ் பாரு. கம்ப்யூட்டருக்கு இலவசம், ஹேண்ட்போனுக்கு மட்டும் சின்னக் காசு, மாமாக் கடையில ஒரு வேளை சாப்பாட்டு விலை. மெட்டாமாடுல்னு ஒண்ணு இருக்கு, ஒரு முழு பேட்சையே ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடி, வெளிய நாலு குமிழ் மட்டும் விடலாம். ஐபேட்னா மைராக்னு ஒரு ஆப் இருக்கு. நான் ஐபேட் விக்கிறதில்ல, அதனால மேல பேசல.

#11 ஐந்தரைக்_கட்டை

விசிவி ராக் இலவசமாச்சேன்னு நேத்து ராத்திரி இறக்கினேன். படம் அழகு, கடையில வச்ச மாதிரி வரிசையா பெட்டி. யாரோ கட்டின தம்புரா பேட்சைத் திறந்தா, இந்த மாடுல் இல்ல, அந்த மாடுல் இல்லன்னு நீளமா ஒரு பட்டியல். ஒவ்வொண்ணையும் அவங்க லைப்ரரியில போய்ச் சேர்த்து, திரும்ப மூடித் திறந்து, பதினோரு மணி ஆயிடுச்சு. ஒரு வழியா ஓடுச்சு. லேப்டாப் காத்தாடி சத்தம் தம்புராவை விடப் பெருசு. இதுல பிளேயர் எங்க இருக்கு?

#12 வயர்மேன்_செந்தூல்

இல்லை டீச்சர். விசிவியில் பிளேயர் என்று தனியாக எதுவும் கிடையாது, கட்டுவதும் வாசிப்பதும் ஒரே திரை. மாடுல் நகராமல் பூட்டி வைக்கலாம், மிடி மேப் போட்டு, அதாவது திரைக் குமிழை உங்கள் கீபோர்டுக் குமிழோடு கட்டலாம், அவ்வளவுதான். இலவசப் பதிப்பு தனியாக ஓடும், பிளக்இன்னாக வேண்டும் என்றால்தான் புரோ. அந்தக் காசும் வேண்டாம் என்றால் கார்டினல் இருக்கிறது. விசிவியின் திறந்த மூலத்திலிருந்து எடுத்து முழுக்க இலவசமாகச் செய்தது, பிளக்இன்னாகவே ஓடும். மாடுல் எல்லாம் உள்ளேயே அடைத்து வரும், புதிதாகச் சேர்க்க முடியாது. உங்கள் பட்டியல் தலைவலிக்கு அதுவே மருந்து, கட்டுகிறவரும் கார்டினலிலேயே கட்டினால். ஒரே பெட்டிச் சாமான் ரெண்டு பக்கமும் இருக்கும்.

காத்தாடிச் சத்தத்துக்கு மருந்தில்லை. ஒவ்வொரு வயரிலும் வினாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண் ஓடினால் மெஷின் வேர்க்கத்தான் செய்யும்.

கரைதாண்டி, உறுமி போட்டாச்சு. எடுத்துக்கோ.

#13 கரைதாண்டி_கீபோர்டு

அண்ணே, நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்து உட்கார்ந்தேன், பசியாறக்கூட இல்ல.

முதல் அரை மணி சத்தமே வரல. கேபிள் மாத்தினேன், கீபோர்டு மாத்தினேன், அம்மா வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. கடைசியில பார்த்தா ஓரத்துல ஒரு பொத்தான், ஆடியோவே ஆஃப்ல இருந்திருக்கு.

வந்ததும், அடடா! பிளக்இன் மோடு போட்டு நாலு குமிழ் மட்டும் பார்க்கும்போது நிஜ சாமான் மாதிரியே இருக்கு. ஆனா ரெண்டு குறை. மாட் வீலை மெதுவா ஏத்தினா வழுவழுன்னு ஏறல, படிக்கட்டு ஏறுற மாதிரி 'டர்ர்ர்'னு ஏறுது. தண்ணீர்மலையில 513 படி, இதுல அதுக்கும் மேல இருக்கும் போல.

அடுத்தது விநோதம். பிட்ச் வீலைத் தொடாத வரைக்கும் சுருதி சரி. ஒரே ஒரு தடவை தொட்டு விட்டேன்னா, வீல் நடுவுக்கு வந்த பிறகும் சுருதி மேலயே நிக்குது. திரும்ப இறங்கவே மாட்டேங்குது. ஐந்தரைக் கட்டை அக்காவுக்கு ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்கேன்.

#14 ஐந்தரைக்_கட்டை

கேட்டேன். ஐந்தரைக் கட்டையில ஆரம்பிக்குது, வீலைத் தொட்டதும் ஆறரைக்குப் போய் அங்கயே உட்கார்ந்துடுது. சரியா ரெண்டு அரைச்சுரம் ஏறியிருக்கு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. இது தற்செயலா இருக்காது வயர்மேன் சார்.

#15 வயர்மேன்_செந்தூல்

டீச்சர் காதுக்கு ஒரு கும்பிடு. ரெண்டு அரைச்சுரம் என்று அளந்து சொன்னதால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

பியூர் டேட்டாவில் பிட்ச் வீல் 0 முதல் 16,383 வரை எண்ணாக வருகிறது. நடுவில் நிற்கும்போது 8,192. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடணும், அப்போதுதான் நடு என்றால் பூஜ்யம். நான் கழிக்க மறந்துவிட்டேன். அதனால் நடுவே முழு ஏற்றமாகக் கணக்காகிவிட்டது. தொடாத வரை எண்ணே வராது, அதனால் தெரியவில்லை. இது பழைய பொறி, தெரிந்தே விழுந்தேன்.

படிக்கட்டு வேறு கதை. மாட் வீல் அனுப்புவது 0 முதல் 127 வரைதான், மொத்தம் 128 படி. மெதுவாகத் தள்ளினால் ஒவ்வொரு படியும் காதில் விழும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே 20 மில்லிசெகண்டு வழுக்கிப் போகச் சொல்லிவிட்டேன். புது கோப்பு போட்டிருக்கிறேன், பழையதை அழித்துவிடு.

கவனி, இதே பிளேயர் பூட்டின ரகமாக இருந்திருந்தால், கட்டியவனுக்கு மடல் எழுதிவிட்டு நாம் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கணும்.

#16 லோயாட்_கழுகு

நீங்க உடனே பதில் போட்டீங்க, அதனால பேசறீங்க. நீங்க பாட்டுக்கு அடுத்த மாசம் காணாம போயிட்டா தம்பி என்ன பண்ணுவான்? காசு கொடுத்து வாங்கினா கேட்க ஒரு ஆள் இருக்கும்.

#17 வயர்மேன்_செந்தூல்

அது நியாயம்தான் கழுகு. நானும் எப்போதும் இங்கே இருக்க மாட்டேன். காசு கொடுத்து வாங்கின பொருளும் நின்றுபோகும், செஷன் நின்ற மாதிரி. அப்போது கேட்க ஆள் இருந்தும் பயனில்லை. இது கோப்பாவது அவன் கையில் இருக்கும், வேறு எவனாவது திறந்து பார்ப்பான்.

#18 உறுமிக்காரன்_பிறை

கரைதாண்டி தம்பி அனுப்பின ரெண்டாவது ரெக்கார்டிங் கேட்டேன். ஹெட்போன்ல ஒரு தடவை, கார்ல ஒரு தடவை.

உறுமின்னு சொல்ல மாட்டேன். உறுமியோட சொந்தக்காரன்னு சொல்லலாம். அமுக்கம் ஏறும்போது குரல் ஏறுது, அது சரி. விடும்போது பட்டுனு நிக்குது, அது தப்பு. குச்சியை எடுத்த பிறகும் தோல் கொஞ்சம் மூச்சு விடும். 'தோல்' குமிழைப் பாதிக்குக் கீழ இறக்கினா மழைக்கால உறுமி மாதிரியே இருக்கு, அதை யார் யோசிச்சதுன்னு தெரியல, ஆனா எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

பஜனைக்கு இது போதும். ஊர்வலத்துக்குத் தூக்கிட்டு வராதீங்க.

தம்பி, சனிக்கிழமை பிறைக்கு வா. பட்டர்வொர்த்துல இருந்து எவ்வளவு தூரம், பத்து நிமிஷம். என் உறுமியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு குமிழைத் திருப்புவோம். வலது பக்க அடியும் பதிவு பண்ணிக்கோ. காசு வேண்டாம், வரும்போது ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்துடு.

#19 கரைதாண்டி_கீபோர்டு

கண்டிப்பா வர்றேன் அண்ணே.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில முழுசா ரெண்டு மணி நேரம் ஓட விட்டேன். பஃபர் 256, கழுகு அண்ணன் சொன்ன மாதிரி வைஃபை ஆஃப். நிக்கவே இல்ல. முப்பதாவது நிமிஷம் நெருங்கும்போது மட்டும் எனக்குக் கை வேர்த்துச்சு, பழக்க தோஷம்.

இன்னொண்ணு கேட்கணும். ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கும்போது மாட் வீலைத் தள்ள கை இல்ல. கால் பெடல்ல அழுத்தம் வரணும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பெடலுக்கும் சிசின்னு ஒரு எண் இருக்காம், என் பெடல் அனுப்புறது சிசி 11ஆம். வயர்மேன் அண்ணே, மாத்தித் தர முடியுமா?

#20 வயர்மேன்_செந்தூல்

மாத்தித் தர மாட்டேன். பிளக்இன் மோடிலிருந்து வெளியே வா. கன்ட்ரோலும் ஈயும் சேர்த்து அழுத்து. மேலே இடப்பக்கம் 'சிடிஎல்இன் 1' என்று ஒரு பெட்டி இருக்கும். அந்த 1ஐ 11 ஆக்கு. வேறு எதையும் தொடாதே.

#21 கரைதாண்டி_கீபோர்டு

வயர் வேண்டாம்னு தலைப்பே வச்சுட்டு வந்தவன்கிட்ட இப்படிச் சொல்றீங்களே அண்ணே.

#22 கரைதாண்டி_கீபோர்டு

மாத்திட்டேன். பெடலை அமுக்கினா உறுமுது! சேமிக்கவான்னு கேட்குது. சேமிக்கலாமா? உங்க கோப்பு கெட்டுப் போயிடாதே?

#23 வயர்மேன்_செந்தூல்

வேறு பேரில் சேமி. சனிக்கிழமைக்குப் பிறகு உறுமிக்காரர் சொல்கிற 'மூச்சு' எத்தனை நேரம் இருக்கணும் என்று ஒரு எண் எழுதி அனுப்பு, மில்லிசெகண்டில்.